நான்காம் அறையின் காற்று

காலையிலிருந்து அந்த எண் மாறவில்லை.

சாமுண்டீஸ்வரி முதலில் அதைக் கவனிக்கவில்லை. அவள் மேசைத் திரையில் கட்டடத்தின் பதினோரு அறைகளும் பதினோரு கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரப்பதம், தூசி, கரியமில வாயு, உள்ளே எத்தனை பேர் என்று எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆள் நுழைந்தால் ஏறும், கதவு திறந்தால் இறங்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. நான்காம் அறை. உள்ளே ஒன்பது பேர். கரியமில வாயு நானூற்று இருபது.

அது வெளிக்காற்றின் அளவு. மழை விட்டதும் ஏரிக்கரையில் தனியாகப் போய் நின்றால் கிடைக்கிற அளவு. நான்கு பக்கமும் அடைத்த அறையில் ஒன்பது பேர் எட்டரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தால், எவ்வளவு புதுக்காற்றை உள்ளே தள்ளினாலும் அறுநூறுக்குக் கீழே வராது. அந்த எண்ணே மனிதர்கள் விட்ட மூச்சுதான்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே திரையைப் பார்த்தாள். நானூற்று இருபது. கை காய்ந்துபோகும் வரைக்கும் பார்த்தாள். நானூற்று இருபது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். பக்கத்துக் கட்டடம் இரும்பு உருக்கும் பட்டறை என்பதால் ஜன்னல்கள் எல்லாவற்றையும் எப்போதோ அடைத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன்பு உள்ளே வந்தால் ஆசிட் நெடியும், வேர்வையும், யாரோ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்காரும். நாலு மணிக்கு எல்லோருக்கும் தலை வலிக்கும். போன ஏப்ரலில் நான்காம் அறையில் அவள் தங்கை கிருஷ்ணப்பிரியா மூச்சு இழுக்க முடியாமல் மேசைக்கடியில் விழுந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். உதடு நீலமாகிப்போன தங்கையை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு சாமுண்டீஸ்வரி யாரையும் விடவில்லை. நான்கு மாதம் எழுதினாள், கேட்டாள், அதிகாரிகளை அழைத்துவந்து காட்டினாள். கடைசியில் இந்த ஸ்மார்ட் சிஸ்டம் வந்தது. சுவருக்குச் சுவர் சென்சார். காற்று போகும் டக்டுக்குள்ளே தானாகத் திறந்து மூடும் தடுப்புகள். மொட்டைமாடியில் லாரி அளவுக்கு ஒரு காற்று இயந்திரம். கட்டடமே கற்றுக்கொள்ளும் என்று மாட்டியவர்கள் சொன்னார்கள். எதைக் கற்றுக்கொள்ளும் என்று அவள் கேட்டாள். எல்லா எண்ணையும் எப்படிப் பச்சையாகவே வைத்திருப்பது என்பதை, என்றார்கள்.

நான்காம் அறையின் எண் நல்ல பச்சையாக இருந்தது.

அவள் சர்வீஸ் ஆள் உத்தமனைக் கூப்பிட்டாள். சிஸ்டத்தை மாட்டிய கம்பெனியில் இருபது வருட அனுபவம் உள்ளவர். கொரட்டூரில் வீடு என்பதால் அரை மணி நேரத்தில் நனைந்த மழைக்கோட்டோடு வந்துவிட்டார்.

"ஃபோர் ட்வென்டின்னு கணக்கா நிக்குதே மேடம். சென்சார்தான் ஏமாத்துது போல," என்று சிரித்தார். பையிலிருந்து கையடக்க மீட்டரை எடுத்தார். நடைபாதையில் எழுநூற்றுப் பத்து காட்டியது. சாமுண்டீஸ்வரி வாய்க்கு எதிரே பிடித்து ஊதச் சொன்னார். மூவாயிரத்தைத் தாண்டியது. "மிஷினு நல்லா கீது. வாங்க, உள்ள பாப்போம்."

நான்காம் அறையின் கதவைத் திறந்ததும் அவளுக்கு முதலில் பட்டது வாசனை இல்லாததுதான். நல்ல வாசனையும் இல்லை, கெட்ட வாசனையும் இல்லை. ஆசிட் இல்லை, மனிதர்கள் இல்லை, ஈரத்துணி இல்லை. ஒன்பது பேர் வரிசையாகக் குனிந்து சோதனைக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைச் சல்லடையிலிருந்து காற்று வரும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மீட்டர் நானூற்று இருபதுக்கு இறங்கி நின்றது. உத்தமன் அதைத் தட்டிப் பார்த்தார். தன் வாய்க்கு எதிரே வைத்து ஊதினார். சரசரவென்று ஏறியது. கையை நீட்டிப் பிடித்தார். இறங்கி, நானூற்று இருபதில் நின்றது.

"சார், நீங்க ஒரு வாட்டி ஊதுங்க," என்று பக்கத்தில் இருந்த பச்சையப்பனிடம் நீட்டினார். பச்சையப்பன் அந்த அறையின் மூத்த கெமிஸ்ட். சிரித்தபடி கன்னத்தை உப்பி ஊதினார். ஃபூ என்று சத்தம் வந்தது.

நானூற்று இருபது.

"இன்னொரு வாட்டி சார்."

பச்சையப்பன் ஊதினார். உத்தமனின் கட்டைவிரல் ரோமம் அசைவதை சாமுண்டீஸ்வரி பார்த்தாள். எண் அசையவில்லை.

உத்தமன் மீட்டரைப் பையில் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். நடைபாதைக்கு வந்து படிக்கட்டு வரைக்கும் நடந்த பிறகுதான் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"காத்து வந்துச்சு மேடம்," என்றார். "மூச்சு வரல."

"என்ன சொல்றீங்க?"

"எனக்கு இன்னா தெரியும் மேடம். ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்றேன்." இரண்டு படி இறங்கி நின்றார். "அங்க உங்க தங்கச்சி கீது இல்ல? கொஞ்ச நாளு வேற ரூம்ல போடுங்க."

அன்று மாலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது சாமுண்டீஸ்வரி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு வயது. முன்பெல்லாம் மேம்பாலப் படி ஏறி வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பவள். இன்று அக்காவுக்கு முன்னால் ஏறி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வீசிங் பம்ப் வச்சிகினு கீறியாடி?"

"அது எதுக்குக்கா? ஒரு மாசமா தொடவேயில்ல." அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த ரூமுக்குள்ள போய்ட்டா நெஞ்சு இருக்கறதே தெரில. வெளிய வந்தாதான் ஒரு மாதிரி பாரமா கீது. இங்க எல்லாரும் எவ்ளோ சத்தமா மூச்சு உட்றாங்க பாரு."

ரயில் வந்தது. கூட்டத்தில் கிருஷ்ணப்பிரியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆவடி வரைக்கும் நின்றாள்.

சேக்காட்டில் அப்பா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். அம்மா இறந்தபோது பிரியாவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து சாமுண்டீஸ்வரி தூங்கியதெல்லாம் தங்கையின் நெஞ்சிலிருந்து வரும் அந்தச் சின்ன விசில் சத்தத்தைக் கேட்டபடிதான். சத்தம் கூடினால் எழுந்து முதுகைத் தடவுவாள். குறைந்தால் தூங்கிப்போவாள். விசில் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பிரியா பாயில் படுத்துத் தூங்கினாள். வெளியே மழை பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, தெருவில் ஒரு பைக் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, கூரைத் தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இந்தச் சத்தங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சத்தம் இல்லை என்பதை சாமுண்டீஸ்வரி கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்தாள். விசில் மட்டும் அல்ல. அதற்கு அடியில் இருக்க வேண்டிய சாதாரண சத்தமும் இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கையின் மூக்குக்குக் கீழே விரலை நனைத்து வைத்தாள். ஈரம் குளிரவில்லை. சுடிதாரின் மேல் பின்னியிருந்த மஞ்சள் பூ ஒன்றைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள். பூ அசைந்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். ஐம்பது. நூறு. கழுத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது, நாடி ஒழுங்காகத் துடித்தது. நூற்று ஐம்பது. இருநூறு. பூ அசையவில்லை.

பிரியா கண்ணைத் திறந்தாள்.

திறந்து, அக்காவைப் பார்த்தாள். பிறகு அவள் நெஞ்சு நிதானமாக உயர்ந்தது. ஊற்றுவதற்கு முன்னால் குடத்தை நிரப்புவதுபோல.

"இன்னாக்கா பாக்குற?" என்றாள்.

பேசி முடித்ததும் நெஞ்சு அடங்கியது. மறுபடி உயரவில்லை.

சாயங்காலமே ஆவடியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்று ஒன்பது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "நல்லா மூச்சு இழும்மா," என்றார். பிரியா இழுத்தாள். "விடு." விட்டாள். "சூப்பரா இருக்கே. வீசிங் சுத்தமா இல்ல. என்ன மருந்து எடுத்துக்கறீங்க?"

"நீங்க சொல்லாதப்போ அவ மூச்சு வுடறாளான்னு பாருங்க சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீங்க நல்லா தூங்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பிரியாவை வேலைக்குப் போக வேண்டாம் என்றாள். அவள் குளித்து வருவதற்குள் பிரியா கிளம்பிப் போயிருந்தாள். உத்தமனுக்கு நான்கு முறை ஃபோன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து வந்து நேராக மேலாளர் ஜம்புலிங்கத்தின் அறைக்குப் போனாள். அறை காலியாக இருந்தது. அவருடைய சுழல் நாற்காலியையும் காணோம்.

நாற்காலி நான்காம் அறையில் இருந்தது. அவரும் அதில் இருந்தார்.

"சார், இந்த சிஸ்டத்தை நிறுத்தணும். ஏதோ தப்பா இருக்கு."

ஜம்புலிங்கம் அவளைப் பார்த்தார். அவர் சட்டைப் பொத்தான்கள் மெல்ல உயர்ந்தன. அதற்காக அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நீதானேம்மா கேட்டே," என்றார் அன்பாக. "நாலு மாசம் என் உயிரை எடுத்தே. இப்போ யாருக்காவது தலைவலி இருக்கா? இந்த மாசம் ஒருத்தர் லீவு போடல. நல்லா இருக்கறதுல போய் ஏன் குத்தம் கண்டுபிடிக்கிறே?" பொத்தான்கள் இறங்கின. சிரித்தபடி இருந்தார். அவருக்குப் பின்னால், கூரைச் சல்லடைக்கு நேராகச் சாத்தியிருந்த ஏணிக்கடியில், நனைந்த மழைக்கோட்டோடு உத்தமன் உட்கார்ந்திருந்தார். பை மூடியபடி மடியில் இருந்தது.

"நீங்க எப்போ வந்தீங்க?"

அவர் நெஞ்சு உயர்ந்தது. "செக் பண்ணலாம்னு வந்தேன் மேடம். நல்லா கீது. நீங்களும் உக்காருங்க."

அவள் பிரியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பிரியா எதிர்க்கவில்லை. ஆனால் கதவைத் தாண்டி நடைபாதையில் மூன்று அடி வைத்ததும் அவள் வாய் அகலமாகத் திறந்தது. கண் பிதுங்கியது. ஏப்ரலில் மேசைக்கடியில் கிடந்தபோது இருந்த அதே நீலம் உதட்டில் ஏறியது. சாமுண்டீஸ்வரி பதறிப்போய்ப் பிடியை விட்டாள். பிரியா தவழ்ந்து கதவுக்குள் போனாள். உள்ளே போனதும் முகம் தெளிந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவளால் செய்ய முடிந்தது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். மதியம் மழை வலுத்தது. மூன்று மணிக்கு நான்காம் அறையில் பதினாறு பேர் என்று காட்டியது. வெளியே யாரோ நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்கும், கதவு திறக்கும் சத்தம் கேட்கும், எண் ஒன்று கூடும், வேறு ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்று குறையும். நாலரைக்கு இருபத்து நாலு. ஐந்தரை மணிக்கு யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஜன்னல் இல்லாத நடைபாதையில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தானாக அணைந்தன. வாட்ச்மேனின் கூண்டில் தொப்பி மட்டும் இருந்தது. ஆறு மணிக்கு ஒன்பது கட்டங்களில் பூஜ்யம். அவள் இருந்த அறையில் ஒன்று. நான்காம் அறையில் முப்பத்து இரண்டு.

நானூற்று இருபது.

நிறுத்திவிட வேண்டியதுதான். காற்று இயந்திரம் நின்றால் அறை மூடிய டப்பா. முப்பத்திரண்டு பேரும் பழையபடி மூச்சு விட்டே ஆக வேண்டும். மூச்சு விட ஆரம்பித்தால் தங்கையை வெளியே கொண்டுவந்துவிடலாம். இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, மொபைல் வெளிச்சத்தில் அவள் கீழே இறங்கினாள். மெயின் போர்டின் இரும்புக் கதவு ஈரமாக இருந்தது. பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

கட்டடம் முழுவதும் அடங்கியது. இத்தனை நாள் காதில் இருந்துகொண்டே இருந்த ஒரு ரீங்காரம் அறுந்துபோனது. மொட்டைமாடியில் இயந்திரம் சுற்றி, சுற்றி, தளர்ந்து, நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

அவள் படி ஏறினாள். உள்ளே இருமல் கேட்கும் என்று நினைத்தாள். அலறல் கேட்டாலும் நல்லது என்று நினைத்தாள்.

எதுவும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினாள். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

முப்பத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தோளோடு தோள். தலைகள் எல்லாம் பின்னால் சாய்ந்திருந்தன. வாய்கள் திறந்திருந்தன. எல்லோரும் கூரையில் இருந்த சல்லடையைப் பார்த்தபடி.

"பிரியா."

தங்கை முன்வரிசையில் இருந்தாள். சாமுண்டீஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாக இருந்தது. இழுத்தாள். அசையவில்லை.

"மிஷினை நிறுத்திட்டேன்டி. வந்துடு. வூட்டுக்குப் போலாம்."

பிரியாவின் காதோரம் பிரிந்து கிடந்த ஒரு முடி அசைந்தது.

மெல்ல எழுந்தது. மேல் பார்த்து நீண்டது. அடுத்த முடி. பிறகு துப்பட்டாவின் ஓரம். பச்சையப்பனின் நரைத்த தலை. மேசையில் இருந்த காகிதங்கள். எல்லாம் மேலே. சல்லடையை நோக்கி.

மின்சாரம் இல்லை. அவள்தான் நிறுத்தினாள். அவள் கையாலேயே.

நீண்ட முடிகள் அப்படியே நின்றன. பிறகு தாழ்ந்தன. காகிதங்கள் மேசையில் படிந்தன.

மறுபடி எழுந்தன.

நிதானமாக. ஒரே அளவில். எழுந்து. நின்று. தாழ்ந்து.

டக்டுக்குள்ளே தூரத்தில் தகரம் விரியும் சத்தம். சுருங்கும் சத்தம். மாடி முழுக்க. சுவர் முழுக்க.

அவள் வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். முப்பத்திரண்டு நெஞ்சுகள். எதுவும் அசையவில்லை.

ஓட வேண்டும். கையை இழுத்தாள். வரவில்லை. பிடித்திருந்தது அவள் கை அல்ல. பிரியாவின் விரல்கள் திரும்பி அவள் விரல்களுக்குள் கோத்திருந்தன.

உள்ளே வந்ததிலிருந்து தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முடிகள் எழுந்தன. இந்த முறை தாழவில்லை.

நின்றன.

தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவளைப் பார்த்தன. ஜம்புலிங்கம். உத்தமன். வாட்ச்மேன். அவசரமில்லாமல். காத்திருந்தன.

நெஞ்சு எரிந்தது. பல்லைக் கடித்தாள். உதட்டை இறுக்கினாள். விடவில்லை. விடவே இல்லை.

அது தானாகப் போயிற்று.

பல்லுக்கு நடுவில், மூக்கு வழியாக, மெல்லிய நூலாக, கடைசிச் சொட்டு வரைக்கும். மேலே.

இழுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள். இழுக்கத் தோன்றவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. கையிலிருந்து மொபைல் நழுவி, விளக்கு மேல் பார்க்க விழுந்தது. அந்த வெளிச்சத்தில், சல்லடைக்குப் பின்னால் இருந்த தடுப்புகள் ஈரமாக, இளஞ்சிவப்பாக, ஒன்றிலிருந்து ஒன்று மெதுவாக விலகித் திறந்துகொண்டிருந்தன. முப்பத்து மூன்று பேரின் முடியும் அதை நோக்கி நேராக நின்றது.